ஜனாதிபதியின் இடது கை

உங்கள் வீடுகளில் சாப்பாட்டு மேசையில் என்ன பேசினார்களோ எனக்குத் தெரியாது. வேலை, வாடகை, ஊரில் யாருக்குக் கல்யாணம் என்று நாலையும் பேசியிருப்பார்கள். எங்கள் வீட்டில் எப்போதோ செத்துப்போன ஒரு அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றிப் பேசினார்கள். ரசம் சோற்றுக்கும் மோர் சோற்றுக்கும் நடுவில் அந்த மனுஷர் பாரிஸுக்குக் கப்பலேறுவார். அப்பளம் தீர்வதற்குள் தோற்றுப்போய்த் திரும்பி வருவார். இத்தனைக்கும் நாங்கள் இருந்தது வாஷிங்டனில் இல்லை, கனடாவில், மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு மாடி வீட்டில்.

என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்த உங்களுக்கெல்லாம் இப்போது நாற்பது எட்டிப் பார்க்கிறது. முட்டி வலிக்கிறது என்கிறீர்கள், கண்ணாடி மாற்றினேன் என்கிறீர்கள். போன மாதம் நம்மில் ஒருத்தி என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், அவள் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததைச் சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றாள். அவளிடம் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அப்பா வரலாற்றுப் பேராசிரியர். திருச்சியில் படித்துவிட்டு எழுபதுகளில் இங்கே ஆராய்ச்சிக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டவர். முதல் உலகப் போர்க் காலத்து ஜனாதிபதியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய கையெழுத்து அவருக்கே புரியாது. அதனால் ஒரு கறுப்பு டேப் ரெக்கார்டரில் இங்கிலீஷில் சொல்லிச் சொல்லிப் பதிவார். அம்மா அதைக் காதில் மாட்டிக்கொண்டு டைப் அடிப்பாள். அப்பா எழுதியதை முழுக்கப் படித்தவர் உலகத்திலேயே அம்மா ஒருத்திதான்.

அப்பா சொல்லும் கதையில் அந்த ஜனாதிபதியும் ஒரு வாத்தியார்தான். பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராகி, ஒரு மாநிலத்துக்கு ஆளுநராகி, ஜனாதிபதி மாளிகைக்கே போய்விட்டார். போன மறு வருடமே முதல் மனைவி இறந்துபோனாள். அதே வாரத்தில் ஐரோப்பாவில் போர் மூண்டது. அழுது முடிப்பதற்குள் இரண்டாவது கல்யாணமும் செய்துகொண்டார். "போருக்குப் போகாம உங்களைக் காப்பாத்தினேன்" என்று ஓட்டு வாங்கி, அடுத்த வசந்தத்திலேயே போருக்குப் போனார்.

"அந்தந்த ஜனங்க ஆட்சியை அந்தந்த ஜனங்களே தீர்மானிக்கணும்னார். நம்ம ஊர்லயும் அதை நம்பினாங்க. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிடுவான்னு நெனச்சாங்க," என்பார் அப்பா, ஊறுகாய்ப் பாட்டிலை இந்தியாவாக நகர்த்தி வைத்தபடி. "அவர் சொன்னது ஐரோப்பாவுக்கு மட்டும்தான்னு அப்புறம்தான் புரிஞ்சுது."

அவருடைய அரசாங்க அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தடுப்புக்குப் பின்னால் பிரித்து உட்கார வைத்த கதையையும் அப்பா மறைக்காமல் சொல்வார். அக்காவுக்குக் கோபம் வந்துவிடும். எனக்கும் அக்காவுக்கும் பத்து வயதுக்கு மேல் வித்தியாசம். அவள் அப்போது படிப்பை முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு மட்டமான ஆளைப் பத்தி எதுக்குப்பா வருஷக்கணக்கா எழுதறீங்க?"

"நல்லவனைப் பத்தி எழுதறதுக்கு என்னம்மா இருக்கு?" என்று சிரிப்பார்.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தால் மட்டும் அவர் சிரிக்க மாட்டார். பாரிஸில் ஒப்பந்தம் போட்டுவிட்டு ஜனாதிபதி திரும்பி வருகிறார். இனிமேல் போரே வராதபடி உலக நாடுகளுக்கெல்லாம் ஒரு சங்கம் வேண்டும் என்பது அவருடைய கனவு. செனட் ஒத்துக்கொள்ளவில்லை. நேரே ஜனங்களிடம் பேசுகிறேன் என்று ரயிலேறி ஊர் ஊராகப் போகிறார், தலைவலியோடு, மூச்சுத் திணறலோடு. வழியிலேயே உடம்பு விட்டுவிடுகிறது. வீடு திரும்பிய சில நாளில் குளியலறையில் விழுகிறார். இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. அவருடைய மனைவி கதவைச் சாத்தினாள். டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று ஊருக்குச் சொன்னார். மந்திரிகள் யாரும் உள்ளே போக முடியாது, எது போவதென்றாலும் அவள் வழியாகத்தான். சந்தேகப்பட்டு இரண்டு செனட்டர்கள் பார்க்க வந்தபோது, செத்த கையைப் போர்வைக்குள் மறைத்து, நல்ல கை எட்டும் இடத்தில் காகிதங்களை வைத்து, அவரைப் படுக்கவைத்து ஒப்பேற்றிவிட்டார்கள்.

"அந்தம்மா அன்னிக்குக் கதவைத் திறந்து விட்டிருந்தா துணை ஜனாதிபதி வந்திருப்பார். நாலு வார்த்தையை விட்டுக்கொடுத்து ஒப்பந்தத்தை முடிச்சிருப்பாங்க. புருஷனைக் காப்பாத்தறேன்னு அந்தாளோட கனவையே கோட்டை விட்டா," என்று அப்பா பொருமுவார்.

அம்மா மோரை ஊற்றிக்கொண்டே, "கனவு கிடக்கட்டும். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்," என்பாள்.

"நீ செய்வே, தெரியுமே!"

இதை ஒரு விளையாட்டு மாதிரி எத்தனையோ தடவை பேசினார்கள். நானும் அக்காவும் யார் பக்கம் என்று கட்சி பிரிந்து கத்துவோம். நான் அம்மா கட்சி. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாட்டையே ஏமாற்றுவது எவ்வளவு பெரிய வீரம் என்று நினைத்தேன்.

அந்த இலையுதிர்காலத்தில் அக்காவுக்கு வரன் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நகரின் மேற்கு ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் இருந்தார்கள். அவர்களும் தமிழ்நாடுதான். மாப்பிள்ளையின் அப்பா பேச்சுப் பிரியரான இன்ஜினியர். அம்மா அதிகம் பேசாதவர், ஆனால் பார்வை எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வரும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அந்தம்மா இரண்டே விஷயம்தான் கேட்டார். "உங்க குடும்பத்துல பரம்பரை வியாதி ஏதாவது உண்டா?" என்றார். "ஐயோ, ஒண்ணுமே கிடையாது," என்றாள் அம்மா. அன்றைக்கு அது உண்மைதான். அடுத்ததாக, "தாரை வார்க்கறது அப்பா கையால, அம்மா கையாலதான் இருக்கணும். சித்தப்பா, பெரியப்பான்னு வேற யாரையும் நிறுத்தாதீங்க, அது எங்க வீட்டுப் பழக்கம்," என்றார். பெண்ணின் கையையும் மாப்பிள்ளையின் கையையும் தன் இரண்டு கையிலும் ஏந்தி அப்பா நிற்க, அம்மா தண்ணீர் வார்க்க வேண்டும். அதற்கென்ன, ஜாம் ஜாமென்று செய்துவிடலாம் என்றார் அப்பா.

கோடையில் கல்யாணம் என்று முடிவானது. அக்கா சிரித்துக்கொண்டே வளைய வந்தாள். அவளுக்கு மாப்பிள்ளையை நிஜமாகவே பிடித்திருந்தது.

அக்டோபரில் ஒரு காலை. வாசல் மேப்பிள் மரம் பாதி கொட்டியிருந்தது. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று நான் குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா வந்து திறந்து பார்த்தபோது அப்பா தரையில் கிடந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. என்னைப் பார்த்து என்னவோ சொன்னார். சொன்னது எந்த மொழி என்றே தெரியவில்லை.

அம்மா அலறவில்லை. அதுதான் இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். அடுத்தபடியாக டாக்டர் மாமாவைக் கூப்பிட்டாள். டாக்டர் மாமா எங்களுக்குச் சொந்தமில்லை. அப்பாவோடு திருச்சியில் படித்த சிநேகிதர், இங்கே பல வருடமாக வைத்தியம் பார்ப்பவர். அம்மா என்ன சொன்னாலும் மறுக்கத் தெரியாத மனிதர்.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். இடது காலில் கொஞ்சம் அசைவு இருந்தது. இடது கை செத்துக் கிடந்தது. பேச்சு குழறியது, ஆனால் அறிவு தெளிவாக இருந்தது. எல்லோரையும் அடையாளம் தெரிந்தது. நாள் தவறாமல் பயிற்சி கொடுக்கும் ரீஹாப் ஆஸ்பத்திரி ஒன்றில் உடனே இடம் இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால் கை பெரும்பாலும் திரும்பிவிடும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். பக்கத்தில்தான், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில், காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு அம்மா முடிவெடுத்தாள். நானும் அக்காவும் கூடவே இருந்தோம்.

"அங்க வார்டுல அஞ்சாறு பேரோட படுக்கணும். பார்க்க வர்றவங்க, வேலை செய்யறவங்கன்னு பாதி நம்ம தமிழாளுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கோயில் முழுக்கத் தெரிஞ்சிடும். சனிக்கிழமை ரொக்ஸ்பரோவுக்குப் போயிடும்."

"போகட்டும்மா! எனக்குக் கல்யாணமே வேண்டாம். அப்பாவைச் சேர்த்துடு," என்று அக்கா அழுதாள்.

"நீ சும்மா இரு. இவர் பேரைக் கேட்டுத்தான் அவங்க வந்தாங்க. பரம்பரை வியாதின்னு ஒரு சொல்லு எழுந்துச்சுன்னா இந்த இடம் மட்டுமா போகும்? உனக்கும் கிடையாது, நாளைக்கு இவளுக்கும் கிடையாது," என்று அம்மா என்னைக் காட்டினாள். பிறகு டாக்டர் மாமாவிடம் திரும்பி, "வீட்டுல வெச்சே எல்லாம் பார்த்துக்கலாம், இல்லையா அண்ணா?" என்றாள்.

டாக்டர் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பார்க்கலாம்... கொஞ்சம் கொஞ்சமா," என்று இழுத்தார். பாவி மனிதர், அந்த ஒரு நிமிஷம் முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

அப்பாவிடமும் கேட்டாள். அதைச் சொல்லாவிட்டால் அம்மாவுக்கு அநியாயம் செய்தவளாவேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு கல்யாணம் முடியட்டும், அப்புறம் சேர்த்துக்கலாம், சரியா?" என்றாள். அப்பா அக்காவைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். கடைசி அத்தியாயம் வந்தாலே சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஜனாதிபதியின் மனைவியைத் திட்டிய அதே மனிதர்தான். மூளையில் இரத்தம் கட்டிக் கிடந்தவரின் தலையாட்டலை அம்மா சம்மதமாக எடுத்துக்கொண்டாள். எனக்கு அவர்கள் இரண்டு பேர் மீதும் இன்றுவரை ஆத்திரம் ஆறவில்லை.

இதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் அப்பா எழுதிய அத்தியாயம்தான். அம்மாதான் அதை டைப் அடித்தவள் ஆயிற்றே, ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம். பல்கலைக்கழகத்துக்கு நரம்புத் தளர்ச்சி, நீண்ட ஓய்வு தேவை என்று டாக்டர் மாமா எழுதிக் கொடுத்தார். போனை அம்மா ஒருத்திதான் எடுப்பாள். மாப்பிள்ளையின் அப்பா ஞாயிறு தவறாமல் கூப்பிடுவார். ஒரு வாரம் "குளிச்சிட்டிருக்கார்." அடுத்த வாரம் "லைப்ரரிக்குப் போயிருக்கார்." அதற்கடுத்த வாரம் "புஸ்தகம் முடியற நேரம், போனையே தொட மாட்டேங்கறார்."

பனி விழத் தொடங்கியதும் எங்கள் வெளிப்புற இரும்புப் படிக்கட்டு கண்ணாடியாக வழுக்கியது. அதில் அப்பாவை இறக்கவும் முடியாது. அது அம்மாவுக்கு வசதியாகப் போயிற்று.

கீழ் வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து ஆன்ரி இருந்தார். மனதில் ஒன்றுமில்லாத, வாய் ஓயாத பெண். புட்டு அவித்தால் மேலேயும் கொண்டுவருவார். ஆம்புலன்ஸ் வந்த மாதம் அவர் ஊரில் இல்லை. ஒரு நாள் வாசலில் நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, அண்ணையைக் கண்டு கனநாளாச்சு? சுகமில்லையோ?"

"எழுதிட்டிருக்கார்ம்மா. வெளியில தலை காட்டறதே இல்லை."

"ஒரு சத்தத்தையும் காணேல்லை. முந்தியெண்டால் அவர் கதைக்கிறது கீழ கேக்கும்."

அம்மாவின் முகம் ஒரு விநாடி மாறியது. மறுநாளே அந்தக் கறுப்பு டேப் ரெக்கார்டர் அப்பாவின் படிப்பறைக்குப் போய்விட்டது. பழைய கேசட்டுகளை எடுத்து, மத்தியானங்களில் சத்தமாகப் போட்டுவிட்டாள். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் கணீரென்று கிளம்பியது. ஜனாதிபதி பாரிஸ் தெருக்களில் ஊர்வலம் போனார், ஜனங்கள் பூ எறிந்தார்கள். நடுவில் தொண்டையைக் கனைத்துக்கொள்வார், தண்ணீர் குடிக்கிற சத்தம் வரும். நேரே பேசுவது மாதிரியே இருக்கும்.

அடுத்த தடவை ஆன்ரி வந்தபோது, "ஓம் ஓம், இப்ப கேக்குது! நல்ல இங்கிலீஷ் என்ன! எங்கடை பெடியனுக்கும் கொஞ்சம் படிப்பிக்கச் சொல்லுங்கோ, பிறகு அனுப்பி விடுறன்," என்றுவிட்டுப் போனார். அம்மா கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். நானும் புன்னகைத்தேன், நான் அவள் கட்சியாயிற்றே.

அந்தச் சத்தம் ஓடும்போதெல்லாம் அப்பாவும் அதே அறையில்தான் இருந்தார், ஜன்னலோரக் கட்டிலில். நான் ஒரு நாள் அவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். கேசட்டில் அவர் ஏதோ வேடிக்கை சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ள நல்ல கையைத் தூக்கவில்லை. நான் கஞ்சியை வைத்துவிட்டு டேப்பை நிறுத்தினேன். "இரு... க்கட்டும்," என்றார். திரும்பப் போட்டேன்.

டாக்டர் மாமா வந்து கையை மடக்கி நீட்டிப் பார்ப்பார். முதலில் தினமும் வந்தார், பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. வரும்போதெல்லாம் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. "ரீஹாப்ல இருந்து மறுபடி கூப்பிட்டாங்கம்மா, அந்த இடத்தை வேற ஆளுக்குக் கொடுக்கப் போறாங்களாம்," என்று ஒரு நாள் சொன்னார். "கொடுக்கட்டும்," என்றாள் அம்மா. இந்த இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிப்ரவரியில் மாப்பிள்ளை வீட்டார் நேரில் வருகிறோம் என்றார்கள். முகூர்த்தம் குறிக்க வேண்டும், சம்பந்தியைப் பார்த்து மாதக்கணக்காகிறது, இனியும் தள்ள முடியாது என்றார்கள். அது பக்கத்து நாடான அமெரிக்கா இராக்கின் மீது போருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த குளிர்காலம். அவர்கள் வந்த சனிக்கிழமை போர் வேண்டாம் என்று ஊரே தெருவில் திரண்டிருந்தது. மூக்கு உதிர்ந்துவிடுகிற குளிரில் இலட்சம் பேராவது நடந்திருப்பார்கள். உங்களில் பாதிப் பேர் அப்பா அம்மாவோடு நடந்த ஊர்வலம்தான். நான் போகவில்லை. வீட்டில் அப்பாவுக்கு வேஷம் கட்டிக்கொண்டிருந்தோம்.

படிப்பறை நாற்காலியில் அவரை உட்கார வைத்தோம். இடது கையை மடியில் வைத்துப் பழுப்பு நிறக் கம்பளிச் சால்வையால் மூடினோம். வலது கையில் பேனா. விளக்கை வலது பக்கம் வைத்து, இழுத்த கன்னம் நிழலில் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பினாள் அம்மா. என்ன பேச வேண்டும் என்று முந்தின நாளே பழக்கியாகிவிட்டது. சின்னச் சின்ன வார்த்தைகள், குழறாதவை. டாக்டர் மாமா காவலுக்கு நின்றார்.

"தொண்டையில அழற்சி. ரொம்பப் பேச வைக்காதீங்க," என்றார் அவர் வந்தவர்களிடம்.

மாப்பிள்ளையின் அப்பா கோட்டைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். மெட்ரோவில் கூட்டம், தெருவெல்லாம் கொடி. "சார், நீங்க சரித்திரக்காரர். சொல்லுங்க, இவ்வளவு ஜனம் வேண்டாங்குது. போர் வருமா, வராதா?"

இது பழக்கிய பாடத்தில் இல்லை. அப்பா மெதுவாக நிமிர்ந்து, நல்ல பக்கத்து உதட்டால் சிரித்தார்.

"வரும்," என்றார் தெளிவாக.

மாப்பிள்ளையின் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "பார்த்தீங்களா, ஒரே வார்த்தையில முடிச்சுட்டார்!" அந்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. சால்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது அம்மாவின் கையைப் பிடித்து, "அவரை நல்லா பார்த்துக்குங்க," என்று மட்டும் சொன்னார். படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் அம்மா நடையிலேயே உட்கார்ந்து, ஜெயித்துவிட்டவளாகச் சிரித்தாள். அக்கா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சால்வையை எடுத்தேன். உள்ளே அந்த விரல்கள் உள்ளங்கையில் நகம் பதிய மடங்கியிருந்தன.

அடுத்த மாதம் போர் வந்தது. பனி உருகியது. முனைக் கடையில், அதாவது நாம் ஐஸ் வாங்கும் தெப்பனரில், வாசலில் பூந்தொட்டிகளை வைத்தார்கள். அம்மா பத்திரிகை, புடவை, மண்டபம் என்று பறந்தாள். அப்பாவின் கை ஒவ்வொரு மாதமும் இன்னும் கொஞ்சம் மார்போடு ஒட்டிக்கொண்டது. டாக்டர் மாமா பிரித்துப் பார்த்தால் அப்பா வலியில் முனகினார்.

கோடையில் கோயில் மண்டபத்தில் கல்யாணம். அப்பாவுக்கு மூட்டு வலி என்று சொல்லிச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனோம். தோளில் பட்டு அங்கவஸ்திரம், அதற்கடியில் அந்தக் கை. ஒரு கையால் ஒப்பேற்றிவிடலாம், ஐயர் காதில் போட்டுவிட்டேன் என்றாள் அம்மா. ஆனால் அன்றைக்கு வந்தது வேறு ஐயர்.

"ரெண்டு கையையும் சேர்த்து நீட்டுங்கோ, சார்," என்றார் அவர்.

அப்பா வலது கையை நீட்டினார்.

"ரெண்டும், சார், ரெண்டும்."

அக்கா மணையில் தலை குனிந்திருந்தாள். கண்மை கலங்கிக் கன்னத்தில் இறங்கியது. அம்மா செம்பைப் பிடித்தபடி கல்லாக நின்றாள். நாதஸ்வரக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் கழுத்துகள் நீண்டன. அப்பா தன் வலது கையால் இடது கையை இழுத்துப் பிரிக்கப் பார்த்தார். அது வரவில்லை.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. அப்பாவின் நாற்காலிப் பக்கத்தில் மண்டியிட்டு, மடங்கியிருந்த அந்தக் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்து மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். அதன் மேல் அக்காவின் கையையும் தன் மகனின் கையையும் வைத்தார்.

"நடத்துங்க ஐயரே," என்றார்.

அம்மா தண்ணீரை வார்த்தாள். பாதி அந்தம்மாவின் புடவையில் கொட்டியது.

பந்தி நடக்கும்போது அவர் அம்மாவிடம் வந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அன்னிக்கு உங்க வீட்டுலயே பார்த்தேன், சம்பந்தி. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். நானே கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு விட்டுட்டேன். எங்க மாமனாருக்கும் இதேதான் வந்தது. உடனே ரீஹாப்ல போட்டோம். அடுத்த குளிருக்கு அவரே வாசல்ல பனி வாரினார்." கொஞ்சம் நிறுத்தி, "எங்க காட்டறீங்க? எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார்.

அம்மாவின் இலையில் பாயசம் ஓடி ஓரத்துக்கு வந்து மேசைத் துணியில் சொட்டியது.

அந்தம்மாவுக்கு மெதுவாகப் புரிந்தது. வாயில் கை வைத்துக்கொண்டார். "வைத்தியம் பார்த்துட்டிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்," என்றார்.

அடுத்த வாரமே அம்மா அலையத் தொடங்கினாள். பக்கத்திலிருந்த ரீஹாபில் இடமில்லை, அது புதிதாக ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு என்றார்கள். அங்கே இங்கே சொல்லி, கிழக்கே, செயின்ட்-மிஷேல் பகுதியையும் தாண்டி ஒரு மருத்துவமனையில் பார்க்கச் சம்மதித்தார்கள். டாக்ஸியில் மூன்று பேரும் போனோம். அங்கிருந்த இளவயது டாக்டரம்மாவுக்கு ஆங்கிலம் வரவில்லை, அல்லது வரவழைக்க மனமில்லை. அம்மாவுக்கு இத்தனை வருடத்தில் பிரெஞ்சில் போன்ஷூரும் மெர்சியும்தான் தெரியும். அப்பாவுக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும், ஆனால் நாக்கு புரளவில்லை. ஆக, நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். ஆஸ்பத்திரியிலும் அலுவலகத்திலும் பெரியவர்களுக்காக வாயைக் கடன் கொடுத்தவர்கள்தானே நாமெல்லாம்.

டாக்டரம்மா அந்தக் கையை நெடுநேரம் பார்த்தார். தோளை அசைத்தார், விரலைப் பிரித்தார், ஊசியால் தொட்டார். பிறகு நிதானமாக என்னிடம் சொன்னார். முதல் சில மாதங்களில் வந்திருந்தால் பெரும்பகுதி திரும்பியிருக்கும். இப்போது வலியைக் குறைக்கலாம், நடையைக் கொஞ்சம் சரி செய்யலாம். கை இனி வராது. சொல்லிவிட்டு, திட்டுவதற்காக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார், இத்தனை நாள் இவரை ஏன் யாரும் கொண்டுவரவில்லை என்று.

"என்னடி சொல்றாங்க?" அம்மா முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கல்யாண மண்டபத்திலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

நான் அப்பாவைப் பார்த்தேன். எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது. அம்மாவுக்குத் தெரியாதபடி தொடையோரமாக நல்ல கையின் விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். சொல்லாதே.

"தினமும் எண்ணெய் போட்டு நீவி விடணுமாம்மா," என்றேன். "பொறுமையா செஞ்சா வருமாம்."

"வருமாமா?"

"வருமாம்."

"எவ்வளவு நாள் ஆகும்னு கேளு."

"அதை மட்டும் சொல்ல முடியாதாம்."

டாக்டரம்மா இன்னும் தன் கேள்விக்குப் பதிலை எதிர்பார்த்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஒவ்வொரு சொல்லாகத் திரட்டி பிரெஞ்சில் பதில் சொன்னார். என் மனைவி கூப்பிட்டாள், நான்தான் வர மாட்டேன் என்றேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் அம்மா.

"நன்... றின்னேன்," என்றார்.

அப்பா அதற்கப்புறம் பல வருடம் இருந்தார். புத்தகம் முடியவில்லை. அக்கா அவருடைய பேரனைக் கொண்டுவந்து ஒரு கையில் கொடுத்தாள், ஒரு கையால் வாங்கிக்கொண்டார். தினமும் காலையில் அம்மா நல்லெண்ணெயை லேசாகச் சூடு பண்ணி எடுத்துவருவாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக நீவுவாள். அக்கா வீட்டு விசேஷமென்றாலும், காய்ச்சலில் கிடந்தாலும் ஒரு நாள் விட்டதில்லை.

"இன்னிக்குக் கட்டை விரல் கொஞ்சம் இளகியிருக்கு, இல்லைங்க?"

"ஆமா," என்பார் அப்பா.

அவர் போன பிறகு அம்மா என்னோடு இருக்கிறாள். இப்போதும் சில நாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "இன்னும் ஒரு வருஷம் இருந்திருந்தார்னா கை வந்திருக்கும்டி," என்கிறாள்.

"வந்திருக்கும்மா," என்கிறேன் நான்.